அரிக்காத இடம்

ஏழுமலை, இந்தக் கையெழுத்து யாருடையது என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்துபோகும். எனக்கு எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வளர்மதி, ஆவணியில் நீ தாலி கட்டப்போகிற பெண். யாருக்கு மட்டும் தெரியவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயோ, அவளிடமே போய்ச் சொல்லிவிட்டேன். கோபம் வரும். வரட்டும். கடிதத்தைக் கசக்கி எறிவதென்றால் முழுவதும் படித்துவிட்டு எறி. பெற்றவன் என்ற பாத்தியத்தில் இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால், ஆடிக் கூழுக்கு வந்துவிட்டுப் போன நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் அம்மாவின் போனிலிருந்து போட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பிறகு அதிலும் மணி அடிக்கவில்லை. செல்போன் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பையன் ரெண்டு நம்பரயும் பிளாக் பண்ணி வெச்சிருக்காரு பெரியவரே" என்றார். நான் உன்னிடம் காசு கேட்டா போன் செய்தேன்? உன் முதுகில் இருக்கிற அந்த வெளுத்த இடத்தை ஒரு டாக்டரிடம் காட்டு என்று சொல்லத்தான் செய்தேன். இந்தக் கடிதமும் அதற்குத்தான். வேறெதற்கும் இல்லை.

என்னை நீ டாக்டர் என்று கேலி செய்தாய். நான் டாக்டர் இல்லை. ஆனால் வெயிலிலும் சேற்றிலும் முந்திரித் தோப்பிலும் வெந்துகொண்டே வயதானவனுக்குத் தோல் என்ன பேசுகிறது என்று கொஞ்சம் தெரியாமல் போகுமா? நீ பிறந்தது அக்கினி நட்சத்திரத்தில். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் கடுகு கொட்டியதுபோல வேர்க்குரு. தூக்கினால் அழுவாய், படுக்கப்போட்டால் அழுவாய். வந்தவர்கள் எல்லாரும் பவுடரைக் கொட்டச் சொன்னார்கள். பவுடர் வேர்வையில் ஊறிப் பசையாகி இன்னும் மோசமாகப் போனது. அப்புறம் நான் நுங்கு வெட்டிக்கொண்டு வந்து அந்தத் தண்ணீரைத் தடவினேன். பழைய வேட்டியைக் கிழித்து விரித்து அதன்மேல் உன்னை வெற்றுடம்போடு போட்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேர்க்குருவுக்கு வேண்டியது காற்றுதான், மருந்து இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சாயந்திரம் நீ என் தொடைமேல் கால் போட்டுத் தூங்கினாய். அந்த முதுகில் எங்கே குரு இருந்தது, எங்கே மச்சம் இருந்தது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த முதுகைத்தான் நீ இப்போது சட்டை போட்டு என்னிடமிருந்து மறைக்கிறாய்.

நீ நடக்கிற வயதில் இரும்பை கிராமத்துப் பக்கம் முந்திரி பொறுக்கப் போயிருந்தோம். பச்சைக் கொட்டையை எடுத்து வாயில் வைத்துவிட்டாய். உதடு வெந்து, மோவாய் வழியாகக் கொட்டையின் பால் ஒழுகின தடத்தில் தோல் கறுத்து உரிந்தது. தோப்பில் இருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், சுண்ணாம்பு வை, மண்ணெண்ணெய் துடை என்று. உன் அம்மா ஒருவரையும் கிட்டே விடவில்லை. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினாள். துணி நனைத்துப் போட்டாள். எரிச்சல் அடங்கிய பிறகுதான் தேங்காயெண்ணெய். வெந்ததை மேலும் வேக வைக்கக் கூடாது, முதலில் கழுவு, குளிர வை என்பதுதான் அவள் கற்றது. அவள் சொன்னது சரி. அதனால்தான் ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தடிப்பு வந்தாலும் உன் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளும் நல்லது கெட்டது தெரிந்து சொல்வாள். உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, கூடவே காய்ச்சல் கொதித்தாலோ, "எங்கிட்ட இன்னா காட்டுற, ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று விரட்டிவிடுவாள்.

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் பிள்ளைகள் நெருக்கிப் படுத்தீர்களே, அப்போது உனக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடைக்காரன் கொடுத்த டியூபைப் போட்டாய். போட்ட அன்றைக்கே அரிப்பு நின்றது என்று சந்தோஷப்பட்டாய். விட்டால் மறுபடி வந்தது, முன்னைவிட அகலமாக வந்தது. தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோனது. கடைசியில் விழுப்புரத்தில் டாக்டர் அந்த டியூபை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு மருந்து எழுதி, "அரிப்பு நின்னதும் நிறுத்தாத, சொல்ற வரைக்கும் போடு. துண்ட எவனுக்கும் குடுக்காத. உள்துணிய வெயில்ல காயப்போடு" என்றார். அப்படிச் செய்தாய், போய்விட்டது. அன்றைக்கு டாக்டரிடம் போக வெட்கப்படவில்லையே. தொடையிடுக்கைக் காட்ட வெட்கப்படாதவன் முதுகைக் காட்ட ஏனப்பா பயப்படுகிறாய்?

நம் வீட்டில் நாம் செய்த பிசகு எது தெரியுமா? நமக்கு அரிப்புதான் வியாதி. வேர்க்குரு அரிக்கும், படர்தாமரை அரிக்கும், மல்லாட்டைக் கடலைச்செடி பிடுங்கும்போது களைச்செடி பட்டுக் கழுத்தெல்லாம் தடித்து அரிக்கும். அரிப்பு நின்றால் வியாதி போனது என்று அர்த்தம். அதனால்தான் போன வருஷம் உன் வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுப்பு தெரிந்தபோது ஒருவரும் கவலைப்படவில்லை. தேமல் என்றோம். உன் அம்மா சீமை அகத்தி இலையை அரைத்து நீ வரும்போதெல்லாம் தடவினாள். "அரிக்குதாடா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பாய். "பாத்தியா, இலை கேட்டுது" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பாள். நானும் தலையை ஆட்டினேன். அது முதலிலிருந்தே அரிக்கவில்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மயிர் முளைக்காமல், வேர்க்காமல், காய்ந்த வரப்பு மாதிரி அந்த இடம் கிடந்ததையும் யோசிக்கவில்லை.

ஆடிக் கூழ் ஊற்றின மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். வெற்று முதுகோடு கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டே பின்பக்க முருங்கை மரத்தில் சாய்ந்தாய். மரம் முழுவதும் கம்பளிப்பூச்சி மொய்த்திருந்ததை நீ பார்க்கவில்லை. அடுத்த நிமிஷம் சொம்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தாய். உன் அம்மா ஓடிவந்து, "இன்னாடா, மரத்தப் போயி கட்டிக்கினு நிக்கிற? பொண்ணக் கட்டிக்க இன்னும் நாள் இருக்குதே" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்துக்கொண்டே சொறிந்தாய். "சொறியாதடா, தேச்சா மயிரு உள்ள ஏறும்" என்று அவள் உன் கையைத் தட்டிவிட்டு, ஒட்டுகிற டேப்பை முதுகில் ஒட்டி ஒட்டி உரித்தாள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி ஈரத்துணியைப் போட்டாள். நான் துணியை மாற்றுவதற்காக எடுத்தேன். முதுகு முழுக்கச் சிவந்து தடித்துத் தணல் மாதிரி கிடந்தது. அந்த வெளுத்த இடம் மட்டும் சிவக்கவில்லை. சுற்றிலும் தடிப்பு, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி அது. பூச்சி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டா போயிருக்கும்? நீயும் அதற்கு மேலே சொறிந்தாய், கீழே சொறிந்தாய், அந்த இடத்துக்கு உன் கை போகவே இல்லை. ஆள் எல்லாம் கலையட்டும் என்று காத்திருந்தேன்.

சுகாதாரத்துறைப் பெண்கள் வீடு வீடாக வந்து தோலைப் பார்ப்பார்களே, அவர்கள் என் முதுகில் செய்து பார்த்ததை நான் கவனித்திருந்தேன். ஒரு கோழி இறகை எடுத்துக்கொண்டு உன் பின்னால் உட்கார்ந்தேன்.

"கண்ண மூடு. எங்க தொடறேனோ அங்க கை வெச்சிக் காட்டு."

"இன்னா நைனா, இந்த வயசுல கண்ணாமூச்சி ஆடிக்கினு?"

"மூடுடா சும்மா."

தோளில் தொட்டேன், கை வைத்தாய். இடுப்பில் தொட்டேன், "யோவ், கூசுது" என்று நெளிந்தாய். பிறகு அந்த இடத்தில் தொட்டேன். நீ சும்மா இருந்தாய். இழுத்துப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன்.

"தொடு நைனா, எம்மா நேரம் கண்ண மூடிக்கினு கெடக்கறது?"

இறகு அப்போதும் அங்கேதான் இருந்தது, ஏழுமலை. அப்படியும் இப்படியும் இழுத்துக்கொண்டுகூட இருந்தேன். உனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் உனக்கு உன் பெரியப்பாவைத் தெரியும். "பெரியப்பா மாதிரின்னு சொல்ல வர்றியா?" என்றாய். "ஒருவாட்டி காட்டிடலாம்டா" என்று மட்டும் சொன்னேன். "தேமலுக்கு ஆஸ்பத்திரியா? அங்க நம்ம ஊர்க்காரன் எவனாவது பாத்தான்னா கல்யாணம் நிக்கும். முடியட்டும், அப்பறம் நானே போறேன்" என்றாய். அதோடு விட்டிருந்தால்கூட நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். சட்டைப் பொத்தானைப் போடும்போது உன் வலது சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. "விரலுக்கு இன்னா?" என்றேன். "போன் புடிச்சிப் புடிச்சி மரத்துப்போவுது, அது ஒரு பேஜாரு" என்றாய். விரலைப் பிடித்துப் பார்க்க வந்தேன். உதறினாய். "வளர்மதிக்கு மட்டும் தெரியவே கூடாது. உன் வாயால என் வாழ்க்கையக் கெடுத்துடாத நைனா" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, சாயந்திர பஸ்ஸுக்குச் சாப்பிடாமலே போய்விட்டாய். உன் அம்மா, "இன்னா சொன்ன புள்ளைய?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அன்றிலிருந்து அவள் இலை அரைக்கிற குழவியைத் தொடவில்லை. "நானே தடவித் தடவி மறைச்சிட்டேனே" என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் பெரியப்பாவை விரல் மடங்கின ஆளாகத்தான் நீ பார்த்தாய். நான் பார்த்த அண்ணன் வேறே. சவுக்கு மரம் ஏறினால் உச்சிவரை போய் ஊஞ்சலாடுகிறவன். அவனுக்கும் தொடையில் இதே மாதிரி ஒன்று இருந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. கேட்டால், "அது பாட்டுக்கு அது கெடக்குது, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்" என்பான். ஒருநாள் பீடி பிடித்துக்கொண்டே கதை பேசிக்கொண்டிருந்தான். தோல் பொசுங்கும் வாசனை எனக்கு வந்தது. அவன் விரலிடுக்கில் நெருப்பு இறங்கியிருந்தது, அவன் கதையை நிறுத்தவில்லை. நான்தான் பிடுங்கி எறிந்தேன். அதற்கும் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாத்திரை கொடுத்தார்கள், வியாதி நின்றது. அவனோடு ஒரே தட்டில் தின்றவன் நான், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் மடங்கின விரல் மடங்கினதுதான். அவன் மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கச் சொம்பைப் பிடிக்க அவனுக்கு விரல் விரியவில்லை. இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்தான். சொம்பு சரிந்தது. நான் அடியில் கை கொடுத்துத் தாங்கினேன். சபையில் எல்லாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார்கள். வியாதி அவனை அழிக்கவில்லை, ஏழுமலை. போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்டதுதான் அவன் விரலைத் தின்றது.

நீ போனபின் நான் தனியாக விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த பையன் என்றேன். தோல் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நான் பேசினதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது தாத்தா. வேற எதாவாவும் இருக்கலாம். ஆனா உணர்ச்சி இல்லன்னு சொல்றீங்க, விரல் மரத்துப்போவுதுன்னு சொல்றீங்க. உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். தொழுநோயாகவே இருந்தால் என்னம்மா என்று கேட்டேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. "மாத்திரை இருக்குது, இலவசம்தான். மாசக்கணக்குல விடாம சாப்பிட்டா குணமாயிடும். மாத்திரை ஆரம்பிச்சிட்டா கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவறது நின்னுடும். வேலைக்குப் போலாம், கல்யாணம் பண்ணலாம், குழந்தை பெத்துக்கலாம்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. விரல் திரும்புமா என்றேன். "மரத்துப்போக ஆரம்பிச்ச புதுசுலயே வந்தா அந்த நரம்பக் காப்பாத்த மருந்து குடுத்துப் பாக்கலாம். நாளாச்சின்னா எங்க கையிலயும் இல்ல" என்றாள். நீ சொல்கிற "கல்யாணம் முடியட்டும்" என்பதை அவளிடம் சொன்னேன். "நரம்புக்கு முகூர்த்தம் தெரியாதே தாத்தா" என்றாள்.

அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். உனக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். யாரிடம் போவது? உன் சிநேகிதர்களிடம் சொன்னால் கம்பெனி முழுக்கப் பரவும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். சொல்லாமல் இருந்தால் உன் விரல் போகும். கடைசியில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, வளர்மதி வேலை செய்கிற துணிக்கடைக்குப் போய் நின்றேன்.

பிரம்மதேசத்தில் அவள் வீட்டுக்குப் போகாமல் நான் கடைக்கு வந்ததைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. கூட வேலை செய்கிற பெண்கள், "ஏய், உன் மாமனாரு சீர்வரிசைக்கு லிஸ்டு குடுக்க வந்துட்டாருடி" என்று சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துச் சந்துக்கு வந்தாள்.

"இன்னா மாமா? அவருக்கு வேற யாராவது..." என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா. அதா இருந்தா செருப்பால அடிச்சிருப்பேன், இங்க வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளிப்பூச்சி, இறகு, சுண்டுவிரல், டாக்டரம்மா. கையில் டிபன் டப்பாவைத் திறக்காமலே பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இது அவருக்கே தெரியுமா?" என்பது. தெரியும் என்றேன். "தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியா?" என்றாள். பயந்துவிட்டான் என்றேன். "பயந்தா ஆஸ்பத்திரிக்கு இல்ல போவணும். நேத்துகூட புடவைக்கு இன்னா கலருன்னு அரை மணி நேரம் பேசினாரு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நடுச்சந்தில் ஒரு பெண்ணை அழவிட்டுவிட்டுக் கிழவன் நான் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொள்ளத்தான் போனேன். கல்யாணம் வேண்டாம் என்றிருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். உனக்குப் பெண் போனால் இன்னொரு பெண் வரலாம், வராமலும் போகலாம். விரல் போனால் வராது. அப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் உன் மானத்தை அவள் முன்னால் விரித்தேன். இது அப்பன் செய்கிற காரியமா என்று நீ கேட்பாய். கேள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள், "நான் போன் பண்ணா பேச்ச மாத்துவாரு, இல்லன்னா கட் பண்ணுவாரு. கடுதாசின்னா கையிலயே கெடக்கும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வந்து சொல்கிறேன், இவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நீ படிக்கத் தடுமாறுவாய் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். உன்னைத் திட்டின இரண்டு வார்த்தையை எழுத மாட்டேன் என்று விட்டுவிட்டாள். அவளுடைய முடிவு என்ன என்று நேற்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "வியாதி இருக்கறவர கட்டிப்பேன் மாமா. மறைக்கிறவர கட்டிக்க மாட்டேன். இதையும் அப்படியே எழுதறேன்" என்றாள். எழுதிவிட்டாள். அவள் வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது, நாங்கள் சொல்லக் கூடாது என்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கேள். ஆஸ்பத்திரிக்கு வரும்வரை அந்த இடத்தில் இலை, டியூப், எலுமிச்சம்பழம் எதையும் போடாதே. சூடான பாத்திரத்தையும் இரும்பையும் வலது கையால் வெறுமனே பிடிக்காதே, துணி வைத்துப் பிடி. சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார், தெரியாமல் பட்ட கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்று. இருந்தால் கழுவிச் சுத்தத் துணியால் கட்டு. கை வறண்டிருந்தால் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துவிட்டு ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவு. வேர்க்குருவுக்கு விசிறினேன், பூச்சிக்கடிக்குத் துணி நனைத்துப் போட்டேன். இதற்கு வீட்டில் செய்ய என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. என் கைக்கு இதற்குமேல் எட்டவில்லை, ராசா.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். வளர்மதி லீவு சொல்லிவிட்டாள், அவளும் வருகிறாள். நீ வராவிட்டால் அதற்கடுத்த வெள்ளியும் நிற்பேன். அதற்கும் வராமல், மறைத்துக்கொண்டு வேறு எவளையாவது கட்டிக்கொள்ள நாள் குறித்தாய் என்றால், அந்த முகூர்த்தத்திலும் நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்பேன். மண்டபத்துக்கு வரமாட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது வெறும் தேமல், கிழவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லட்டும். அன்றைக்கு நீ என்னை ஊர் நடுவில் நிறுத்தி, கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவன் என்று ஏசு. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டு, கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்துவேன். அந்த ஏச்சு எனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

என்மேல் இருக்கிற கோபத்தை அப்படியே வைத்துக்கொள். என்னோடு பேச வேண்டாம், என் பக்கத்தில் உட்கார வேண்டாம், நான் வாங்கிவைக்கிற டீயைக் குடிக்க வேண்டாம். வந்து, உள்ளே போய், சட்டையைக் கழற்றி அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டு. நான் வெளியிலேயே நிற்கிறேன்.